வாய் பீரியட், கை பீரியட்

நான் வாத்தியாராக நின்ற முதல் நாள், முதல் பீரியட். வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. பையன்கள் குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். தொட்டெழுதும் பேனாக்கள் தாளைக் கீறும் ஓசை மட்டும், எங்கோ எலி கடிப்பதுபோலக் கேட்டது. என்னுடைய தோற்றம்தான் அவர்களை அடக்கிவிட்டது என்று நான் நம்பத் தொடங்கியிருந்தேன்.

அப்போது வகுப்பைப் பிரித்து நின்ற தட்டிக்கு மேலே ஒரு தலை எழுந்தது. வழுக்கை, பட்டையாகத் திருநீறு, வெள்ளி ஃபிரேம் கண்ணாடி. அந்தப் பக்கத்து வாத்தியார் தம்முடைய மேடைமேல் ஏறி எக்கி நின்றிருக்க வேண்டும்.

"தம்பி, இது என்ன வேய், வகுப்பா சந்தையா? இந்தச் சத்தத்துக்கு நடுவுல நான் எப்படிப் பாடம் எடுக்கது?"

தலை இறங்கிவிட்டது.

நான் என் பையன்களைப் பார்த்தேன். ஒருத்தனும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் பையன்கள் சிரிக்காமல் இருந்தால் அங்கே ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். அனுபவமுள்ள வாத்தியாருக்கு இது அங்கேயே புரிந்திருக்கும். எனக்குப் புரியச் சாயங்காலம் ஆயிற்று.

குதிரைகள் இருந்த இடம்

நான் பி.ஏ. தேறிய விதத்தைப் போன வாரம் இந்தப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒரு அன்பர், "உம்மை எந்தப் பள்ளிக்கூடத்தில் ஐயா வாத்தியாராக வைத்தார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். கேள்வி நியாயமானது. குதிரை லாயத்தில் வைத்தார்கள்.

திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம், கருப்பட்டியும் வற்றல் மிளகாயும் மணக்கும் ஒரு சந்தின் முடிவில் அந்தக் கட்டடம் இருந்தது. அரண்மனைக் குதிரைகளுக்காகக் கட்டியது. குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போனதும் மகாராஜா அதைக் கல்விக்குக் கொடுத்தார். வாசலில் ராஜ வம்சத்துப் பெயர் ஒன்றை நீளமாக எழுதிப் போர்டு மாட்டியிருந்தார்கள். அதை யாரும் முழுக்கப் படித்ததில்லை. தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி அந்தப் பெயரைச் சொன்னால் ஜட்காக்காரன் விழிப்பான். "லாயம் ஸ்கூல்" என்றால் கொண்டுவந்து விட்டுவிடுவான்.

மற்றப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் எங்களை விடுவார்களா? பந்து விளையாட்டில் நாங்கள் தோற்றால் "புல்லுப் போடு, புல்லுப் போடு" என்று கத்துவார்கள். ஜெயித்தாலும் அதையேதான் கத்துவார்கள். ஜெயித்த குதிரைக்கும் பசிக்குமே.

கட்டடம் ஒரே நீளக் கூடம். மேலே ஓடு, கீழே கருங்கல். சுவரில் குதிரை கட்டிய இரும்பு வளையங்கள் அப்படியே இருந்தன. பையன்கள் அவற்றில் குடையும் சோற்றுப் பாத்திரமும் மாட்டினார்கள். மத்தியானம் பாதிக் கூடத்துக்குப் புளியோதரை மணக்கும், பாதிக்கு மீன் குழம்பு. குறுக்குச் சுவர் ஒன்றுகூடக் கிடையாது. குதிரைகளுக்குத் தனி அறை வேண்டியிருக்கும் என்று கட்டியவர்களுக்குத் தோன்றவில்லை. அதனால் வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே, கல்லாற்றுப் பக்கத்துக் காட்டு ஈற்றை மூங்கிலில் முடைந்த தட்டிகளை ஆளுயரத்துக்கு நிறுத்தியிருந்தார்கள்.

தட்டி பார்வையை மறைக்கும். சத்தத்தை என்ன செய்யும்? அங்கே எந்தப் பாடமும் தன் எல்லைக்குள் நின்றதில்லை. அசோகர் சாலையோரம் மரம் நட்டதைப் பற்றி எழுதச் சொன்னால், அந்த மரத்தின் வேர் மண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் முறையையும் சேர்த்து எழுதி முழு மார்க் வாங்கிய பையன் எங்களிடம் இருந்தான்.

ஒவ்வொரு ஃபாரத்திலும், அதாவது வகுப்பிலும், இரண்டு டிவிஷன். 'ஏ' மலையாளம், 'பி' தமிழ். சாலையில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்கள், கணக்கெழுதிய நாஞ்சில் நாட்டுக்காரர்கள், கோட்டைக்குள்ளும் கரமனையிலும் இருந்த அக்கிரகாரத்துக்காரர்கள் என்று பலர் வீட்டுப் பிள்ளைகள் 'பி'யில் படித்தார்கள். தட்டி ஒன்றே ஆனதால் இரண்டு பக்கமும் கலந்து, கடைசியில் எல்லாப் பையன்களும் ஒரே பாஷை பேசினார்கள். தமிழ் வாத்தியாரும் மலையாள வாத்தியாரும் "இது எங்களுடையது இல்லை" என்று சேர்ந்து மறுத்த பாஷை அது.

ஹெட்மாஸ்டரின் கண்டுபிடிப்பு

இப்படிப்பட்ட இடத்தில் பள்ளிக்கூடம் எப்படி நடந்தது என்றால், அதற்குக் காரணம் ஹெட்மாஸ்டர் சங்கரநாராயண ஐயர். கரமனைக்காரர். பஞ்சகச்சம், கோட்டு, தலைப்பாகை. எல்லா ஹெட்மாஸ்டர்களும் பாடங்களைக் கலை என்றும் விஞ்ஞானம் என்றும் பிரித்தபோது, இவர் ஒருவர்தான் வாய் என்றும் கை என்றும் பிரித்தார்.

செய்யுள், சரித்திரம், பூகோளம் எல்லாம் வாய். கணக்கு, படம் வரைதல், காப்பி எழுத்து, பரீட்சை எல்லாம் கை. ஒரு வகுப்புக்கு வாய் பீரியட் என்றால் அதன் இரண்டு பக்கமும் கை பீரியட். வாயும் வாயும் அடுத்தடுத்து வரக் கூடாது. அவ்வளவுதான் தத்துவம். ஆனால் இத்தனை வகுப்பு, இத்தனை வாத்தியார் என்று போட்டுப் பார்த்தால் ஜாதகம் பொருத்துகிற மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு ஜூன் மாதமும் அவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்வார். வெளியே பியூன் யாரையும் தும்ம விடமாட்டான்.

எங்களுக்குப் பழகிவிட்டது. "சாருக்கு இப்போ வாயா கையா?" என்று ஒருவரை ஒருவர் சாதாரணமாகக் கேட்டுக்கொள்வோம். சம்பந்தம் பேச வந்த ஒரு பெண் வீட்டார் இதைக் கேட்டுத் திகைத்துப்போய், மாப்பிள்ளை வாத்தியாரை மறு தடவை பார்க்க வரவில்லை என்று ஒரு கதை உண்டு. அந்த மாப்பிள்ளை நான் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மழைக்காலத்தில் எல்லோருக்கும் கை. ஓட்டின்மேல் மழை பேச ஆரம்பித்தால் வேறு யாரும் பேச முடியாது.

நாற்காலியை நகர்த்தியவன்

'ஏ' டிவிஷன் கணக்கு வாத்தியார் குட்டன் நாயருக்குக் குடல் இறங்கியது. அதனால் என் வாழ்க்கை ஏறியது. ஆபரேஷனுக்காக அவர் எடுத்த லீவில்தான் என்னைத் தாற்காலிகமாக நியமித்தார்கள். கணக்கு எனக்குப் பரம்பரைச் சொத்து. அப்பா சாலையில் ஒரு அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. சொத்து என் கைக்கு வந்து சேரவில்லை என்பது வேறு விஷயம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜட்காவைப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தி, நாயர் சார் என்னிடம் வகுப்பை ஒப்படைத்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பேசியதால் ஒப்படைப்பு சுருக்கமாக இருந்தது.

"எடோ, கணக்கு எப்படியும் போகட்டும். என்டெ கசேரயை மட்டும் மாத்தாதே. கேட்டோ?"

ஜட்கா போய்விட்டது. உள்ளே வந்து பார்த்தால் நாற்காலி தட்டியை ஒட்டி, காற்று வராத மூலையில் கிடந்தது. பாவம், வலியில் என்னவோ சொல்கிறார் என்று நினைத்து, அதைத் தூக்கி ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்தேன். அதற்கு அப்புறம்தான் அந்தத் தலை எழுந்தது.

தலைக்கு உரியவர் தாணுமாலயன் பிள்ளை. 'பி' டிவிஷனில் தமிழும் சரித்திரமும் எடுப்பவர். சுசீந்திரத்துப் பக்கம் சொந்த ஊர். மனைவி அங்கே வீட்டில் இருக்க, இவர் தம்பானூர் அருகே ஒரு மாடி அறையில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்குப் போய்த் திங்கள் காலை வந்துவிடுவார். நல்ல குரல். அவர் கம்பீரமாகப் பாட்டுச் சொன்னால் கூடத்தின் மறு கோடியில் கை பீரியடில் இருக்கும் பையன் பேனாவை வைத்துவிடுவான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். நாயர் சார் மல்லாந்து படுத்திருந்தார். என்னைக் கண்டதும் கேட்டது வயிற்றைப் பற்றியோ வகுப்பைப் பற்றியோ இல்லை.

"இன்னைக்கு பிள்ளை சார் எந்தா பறஞ்சது?"

"சத்தம் தாங்கலையாம். வகுப்பு சந்தை மாதிரி இருக்காம். ஆனா சார், ஒரு ஈ பறந்தாக்கூடக் கேட்டிருக்கும்."

"நீ கசேரயை மாத்திட்டாய், அல்லே?"

"காத்து வரலைன்னு..."

"காத்து." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "எடா, பிள்ளை சாருக்குக் காது கேக்காது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"நேரே நின்னு மெல்லப் பறஞ்சா சுண்டைப் பார்த்துப் பிடிச்சுக்கும்." உதட்டைத் தொட்டுக் காட்டினார். "ஆனா கிளாஸ்ல குட்டிகள் எழுந்திருச்சு பதில் பறஞ்சா ஒண்ணும் தெரியாது. தூரம். அதுக்குத்தான் நான் அந்த மூலையிலே இருக்கறது. உத்தரம் சரின்னா தட்டியை ஒரு ஆட்டு. தெற்றுன்னா ரெண்டு."

"அப்போ சத்தம் சத்தம்னு சொல்றது?"

"கேக்காதவன் சத்தம்னு புகார் பறைவானோ? அதான் அது. இன்னைக்குத் தட்டி ஆடலை. பயந்து போயிருக்கும், பாவம்."

அப்புறம் அவர் குரலைத் தணித்துச் சொன்னார். பிள்ளைக்குப் பென்ஷனுக்கு இன்னும் வருஷங்கள் கிடக்கின்றன. மேலே தெரிந்தால் மெடிக்கல் போர்டுக்கு அனுப்பி, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வகுப்பு ஒன்றைத் தவிர அந்த மனுஷருக்கு வேறு எதுவும் தெரியாது.

"இது யாருக்கெல்லாம் தெரியும் சார்?"

"ஆருக்கும் தெரியாது. எனக்கு. பின்னே அந்தக் கிளாஸ் குட்டிகளுக்கு. என்டெ கிளாஸ் குட்டிகளுக்கு. பியூனுக்கு."

"ஹெட்மாஸ்டருக்கு?"

"ஐயோ. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

ஒன்று சரி, இரண்டு தப்பு

இந்த ஏற்பாடு எப்படி ஆரம்பித்தது என்று பின்னால் ஒரு நாள் நாயர் சாரைக் கேட்டேன். ஏற்பாடே இல்லை என்றார். ஒரு நாள் 'பி' பையன் ஒருவன் சரித்திரக் கேள்விக்கு முழுத் தப்பாக ஒரு பதில் சொல்ல, பிள்ளை சார் "பேஷ்" என்றாராம். நாயர் சார் நாகர்கோவிலில் படித்தவர், தமிழ் நன்றாகத் தெரியும், தப்பு பொறுக்காத கணக்கு வாத்தியார் வேறு. ஆத்திரத்தில் தட்டியை ஒரு குத்து விட்டார். தட்டி ஆடியது. பிள்ளை சார் தட்டியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், "திருப்பிச் சொல்லுலே" என்றார். அதிலிருந்து தொடங்கியது. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பாதையில் பார்த்தால் "வணக்கம் சாரே", "வணக்கம் வேய்" என்பதோடு சரி.

'பி' டிவிஷன் பையன்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பதில் தெரியாத சிலர் எழுந்து, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துப் பார்த்ததுண்டு. நாயர் சார் அதற்கும் இரண்டு ஆட்டம் ஆட்டினார். ஆனால் அந்தப் பையன்களில் ஒருத்தன்கூட வெளியே போய் இதைச் சொல்லவில்லை. பதினான்கு வயதில் ஒரு ரகசியத்தைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நாற்பத்தெட்டு வயதில் எனக்கே முடியவில்லை, பத்திரிகையில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மறுநாள் நாற்காலியைப் பழைய மூலையில் போட்டேன். வேலை எளிது என்று நினைத்திருந்தேன். காற்று இல்லாத மூலை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிந்திய பீரியட். தலை தானாகத் தட்டியில் சாய்ந்தது. நான் தூங்கித் தூங்கி விழுந்த ஒவ்வொரு தடவையும் தட்டி ஆடியது. அந்த ஒரு மணி நேரத்தில் 'பி' டிவிஷனில் மடையன் என்று பேர் வாங்கியவன் எல்லாம் கெட்டிக்காரன் ஆனான், கெட்டிக்காரன் எல்லாம் பெஞ்சுமேல் ஏறி நின்றான். என் வகுப்புப் பையன் ஒருவன் வந்து தோளைத் தொட்டு, "சாரே, போதும்" என்றான்.

மீசைக்காரர்

நாயர் சார் வீட்டில் படுத்துத் தேறிக்கொண்டிருந்த சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். வெறும் இன்ஸ்பெக்ஷன் இல்லை. ஹெட்மாஸ்டர் வருஷக் கணக்காக எழுதிப் போட்ட மனுவுக்குப் பலன். மராமத்து இலாகா குறுக்குச் சுவர் கட்டித் தரப்போகிறது, எங்கே முதலில் கட்டுவது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பணம் இருக்கும்போது ஒவ்வொன்றாகக் கட்டுவார்கள்.

வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த குரியன் என்பவர் அந்த இன்ஸ்பெக்டர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய மீசை. மீசை என்றால் மேலுதட்டை மூடி, கீழுதட்டின் பாதியையும் மூடிய மீசை. அந்த மீசையைக் கூடத்தின் கோடியில் பார்த்ததுமே நாற்காலியைத் தட்டியோடு இன்னும் ஒட்டிப் போட்டேன். உதட்டைப் பார்த்துப் பிழைக்கும் மனுஷர் அங்கே எதைப் பார்ப்பார்?

பிள்ளை சாருக்கு வாய். எனக்குக் கை. மூலையில் உட்கார்ந்து தட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். இன்ஸ்பெக்டர் 'பி' டிவிஷனில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பிள்ளை சார் பாடம் எடுத்தார், கேள்வி கேட்டார். பையன்கள் பதில் சொல்ல, நான் ஆட்டினேன். எல்லாம் வெண்ணெய்போல நடந்தது. இரண்டு கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. என் பையன்களைப் பார்த்தேன், அவர்கள் கணக்கை விட்டுவிட்டு ஒரு விரலோ இரண்டு விரலோ காட்டினார்கள்.

இன்ஸ்பெக்டர் சந்தோஷப்பட்டு எழுந்தார். ஹெட்மாஸ்டரோடு மேடை அருகே போய் பிள்ளை சாரிடம் ஏதோ கேட்டார். எனக்கு நன்றாகக் கேட்டது. எத்தனை வருஷ சர்வீஸ் என்று கேட்டார்.

மறுபடி கேட்டார். பிள்ளை சார் அந்த மீசையையே பார்த்துக்கொண்டு நிற்பது தட்டிக்கு இந்தப் பக்கம் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. பிறகு அவர் தம்மிடமிருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தார்.

"மன்னிக்கணும் சார். அந்தப் பக்கத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேங்கு. தெனமும் இதே பாடுதான்."

அந்தப் பக்கம் என்றால் நான். என் வகுப்பில் சத்தம் என்றால் ஒரு பையனின் மூக்குறிஞ்சல்தான். இன்னும் ஒரு நொடி இந்த அமைதி நீடித்தால் பிள்ளை சாரின் உத்தியோகம் போய்விடும்.

வாத்தியார் ஜாதியிலேயே யாரும் சொல்லாததை நான் சொன்னேன். "டேய், சத்தம் போடுங்கடா."

பையன்கள் நம்பாமல் பார்த்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டேன். ஒருவன் மெதுவாகப் பதினாறாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தான். அடுத்தவன் சேர்ந்தான். அதற்குப் பிறகு அது வாய்ப்பாடாக இல்லை. பெஞ்சு தட்டினார்கள், காலை உதைத்தார்கள், எங்கோ பின்னாலிருந்து குதிரைக் கனைப்பு ஒன்றும் வந்தது. அந்தக் கூடத்தில் குதிரைகளே இருந்த காலத்திலும் அவ்வளவு சத்தம் எழுந்திருக்காது.

இன்ஸ்பெக்டர் தட்டிக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். நான் சாக்பீஸும் கையுமாக நின்றேன்.

"மிஸ்டர் ஐயர், இது எந்தா?"

"அது... கை பீரியட் சார்," என்றார் ஹெட்மாஸ்டர். முகம் வெளுத்திருந்தது.

"கையோ? இத்ர நல்ல ஒரு வாத்தியாரை இங்ஙனே கஷ்டப்படுத்தலாமோ? இனி ஆலோசனை வேண்டா. முதல் சுவர் இவிடெ."

என் உபகாரத்தின் பலன் அது. பிள்ளை சாரையும் அவருடைய காதையும் பிரித்து, செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு, அரசாங்கச் செலவில் ஒரு சுவர்.

வகுப்புக்குக் கால் உண்டு

ஹெட்மாஸ்டர் கூப்பிட்டனுப்பினார். என் தாற்காலிகம் அன்றோடு நிரந்தரமாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"கை பீரியட்லே சத்தம்," என்றார். "இந்த ஸ்கூல் ஆரம்பிச்ச நாள்லேருந்து இல்லாத சமாசாரம். இன்ஸ்பெக்டர் முன்னாடி என் டைம்டேபிளோட மானத்தை வாங்கிட்டீர்."

"சார், அதுக்கு ஒரு காரணம்..."

"காரணம் கேட்டேனா?" கையை உயர்த்தினார். "கேட்டா நீர் சொல்லுவீர். சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா ஹெட்மாஸ்டர்ங்கற முறையிலே நான் மேலே எழுதணும். அதனாலே கேக்கலே."

அவர் மேஜைமேல் டைம்டேபிள் விரித்திருந்தது. முதல் முறையாக அதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிள்ளை சாருக்கு எங்கெல்லாம் வாய் என்று இருந்ததோ, நாயர் சாருக்கு அங்கெல்லாம் கை. ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. கணக்கு வாத்தியாருக்குக் கை கிடைப்பது சகஜம். ஆனால் நாயர் சார் வாரம் ஒரு நாள் நீதிபோதனையும் எடுத்தார், அது வாய். அது மட்டும், பிள்ளை சார் ஓய்வாக ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் பீரியடில் போட்டிருந்தது. கதவைச் சாத்திக்கொண்டு ஜாதகம் பொருத்தியது யாருக்கும் யாருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"சுவர் அங்கே வேண்டாம்னு எழுதினா என்ன சார்?"

"வேண்டாம்னா மராமத்துக்காரன் அப்பறம் இந்தத் திக்குலேயே தலைவெச்சுப் படுக்க மாட்டான். மத்தக் குழந்தைகள் என்ன பண்ணித்து? சுவர் வரட்டும், வோய். சுவருக்குத்தான் கால் கிடையாது. வகுப்புக்கு உண்டோன்னோ?"

அப்படியே நடந்தது. சுவர் வந்தது. கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது பிள்ளை சார் வகுப்பும் நாயர் சார் வகுப்பும் கூடத்தின் நடுவே, வேறொரு தட்டிக்கு இரு புறமும் போயிருந்தன. நாயர் சார் ஆபரேஷனுக்குப் பிறகு சுவர்க் காற்று தமக்கு ஆகவில்லை என்றார். சுவர்க் காற்று என்றால் என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்த சுவர் அந்தத் தட்டிக்கே வந்தது. அவர்கள் மேற்கே நகர்ந்தார்கள். அரசாங்கம் ஒரு வருஷம் கட்டும், ஒரு வருஷம் மறந்துவிடும். கட்டும்போதெல்லாம் பையன்கள் பெஞ்சையும் கரும்பலகையையும் தூக்கிக்கொண்டு முன்னே போக, பிள்ளை சாரும் நாயர் சாரும் குடை பிடித்துப் பின்னே வர, சாமியைக் குளிக்கக் கொண்டுபோகும் ஆறாட்டுபோல ஒரு சின்ன ஊர்வலம் நடக்கும். நான் யார் யாருடைய லீவிலோ தொற்றிக்கொண்டு அதே பள்ளிக்கூடத்தில் இருந்ததால் இதையெல்லாம் பார்க்க முடிந்தது. திருவனந்தபுரத்து வாத்தியார்களுக்கு நோய் வராமல் இருந்திருந்தால் என் குடும்பம் பட்டினி கிடந்திருக்கும்.

கடைசியில் கிணற்றங்கரை ஓரம் ஒரே ஒரு தட்டி மிஞ்சியது. அதற்கு அப்பால் கூடம் இல்லை. வருகிற கோடையில் அதையும் எடுத்துவிடுவோம் என்று மராமத்துக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பிள்ளை சாருக்குப் பென்ஷனும் அதே கோடையில்.

மச்சினர் வந்த நாள்

அந்தச் சமயத்தில்தான் ராஜ்யத்தைப் பிரித்தார்கள். தெற்கே நாஞ்சில் நாடு சென்னையோடு போயிற்று, திருவனந்தபுரம் கேரளத்தில் நின்றது. உத்தியோகஸ்தர்கள் யார் எந்தப் பக்கம் போக விரும்புகிறார்கள் என்று கேட்டு ஆபீசிலிருந்து தாள் வந்தது. எங்கள் பள்ளிக்கூடத்தில் தெற்கத்தி வாத்தியார்கள் எல்லோரும் ஊருக்குப் போக எழுதிக்கொடுத்துவிட்டார்கள். பிள்ளை சார் மட்டும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைந்தார்.

அவர் மச்சினர், மனைவியின் தம்பி ஆறுமுகம் பிள்ளை, ஊரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். தேங்காய் வியாபாரம். பத்துப் பேர் சத்தத்தில் பேசுவார். ஸ்டாஃப் ரூமில் ஹெட்மாஸ்டர் ஒரு மூலையில் செய்தித்தாளை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். நாயர் சார் பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

"அத்தான், ஊருல கேக்கவனுக்கு என்னால பதில் சொல்ல முடியல. அக்கா ஒத்தையில கெடந்து கஷ்டப்படுகா. நாகர்கோவில்ல நல்ல ஸ்கூல்ல வாத்தியார் எடம் ஒழிவு இருக்கு. கல்லுக் கட்டடம். வகுப்புக்கு வகுப்பு சுவரு. பக்கத்துல வெடி போட்டாலும் ஒரு சத்தம் கேக்காது. நீரு சத்தம் சத்தம்னு தெனம் அழுதீரே, அதுக்குத்தான் சொல்லுகேன்."

மச்சினர் நல்லதையே சொன்னார். பிள்ளை சார் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறுமுகம் பிள்ளை சலித்துப்போய் எங்கள் பக்கம் திரும்பிவிட்டார். "நீங்களாவது சொல்லுங்க சாரே. வீடு வாசல் பொண்டாட்டி எல்லாம் அங்க இருக்கு. சொந்த ஊருக்குப் போறதுதானே ஒரு மனுசனுக்கு மொறை?"

முகம் திரும்பியதால் இது பிள்ளை சாருக்குப் போய்ச் சேரவில்லை. அவர் நாயர் சாரைப் பார்த்தார்.

நாயர் சார் பேனாவை வைத்தார். பிள்ளை நாகர்கோவில் போனால் கல் சுவருக்குள் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்பது எங்களில் எவரையும்விட அவருக்குத்தான் தெரியும். இன்னும் சில மாதம் இங்கேயே இழுத்துவிட்டால் மானத்தோடு பென்ஷன். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டால் காரியம் முடிந்தது. ஆனால் அவர் இத்தனை வருஷத்தில் ஒரு பையனுக்கும் முகம் பார்த்து ஆட்டியவர் இல்லை. மச்சினர் சொன்னது சரியா தப்பா என்றால், சரி. மனைவி இருக்கும் இடத்துக்கு மனுஷன் போக வேண்டியதுதான்.

அவர் பிள்ளை சாரைப் பார்த்து, மேலும் கீழுமாக, ஒரே ஒரு தரம் தலையை அசைத்தார். அசைத்துவிட்டுப் பரீட்சைத்தாளைக் குனிந்து பார்த்தார். அந்தத் தாள் தலைகீழாக இருந்தது.

பிள்ளை சார் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்து நீவினார். நாயர் சாரின் கையிலிருந்தே பேனாவை வாங்கினார்.

"இல்லடே ஆறுமுகம்," என்றார். "நாயர் சாருக்கு இன்னைக்குத் தப்பிப் போச்சு. ரெண்டு ஆட்ட வேண்டிய எடத்துல ஒண்ணு ஆட்டிட்டாரு."

திருவனந்தபுரம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அக்காகிட்ட சொல்லு. இந்தக் கோடையோட நானே வந்துருவேன். வாத்தியாரா வருவேன்."

நாயர் சார் நிமிரவில்லை. அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. அத்தனை வருஷமும் இருவரும் வாயைத் திறந்து சொல்லிக்கொள்ளாத ஒன்று, ஹெட்மாஸ்டர் இருக்கும் அறையில், நடுப்பகலில் சொல்லப்பட்டுவிட்டது.

ஆறுமுகம் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னத்த ஆட்டினாரு? ஏன் சாமி, அத்தான் என்ன சொல்லுகாரு?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார்.

செய்தித்தாள் அசையவில்லை. அதற்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"எனக்கு ஒண்ணும் காதுலே விழல்லே, ஓய்."